விஜயா அக்காவின் முகம் வரவில்லை

“முகம் தெரியுதாக்கா?”

“தெரியலைடி.”

“இப்ப?”

“இப்பவும் இருட்டுதான். கும்மிருட்டு.”

சிங்கப்பூர் தேக்கா உணவங்காடி நிலையத்தில், சனிக்கிழமைக் காலைக் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கைப்பேசி. இன்னொரு கை மடிக்கணினியின் மேல். மடிக்கணினிக்கும் தோசைத் தட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. சாம்பார் எந்த நிமிடமும் எல்லை தாண்டலாம். எதிர் நாற்காலியில் இருந்த மலாய்க்கார அம்மா, மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், தன் மீ கோரெங் நூடுல்ஸை அப்படியே விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று விஜயதசமி. கோயிலுக்குப் போய்விட்டு, பூ வாங்கிக்கொண்டு, ஒரு தோசையைத் தின்றுவிட்டு புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்குத் திரும்புவதாகத்தான் திட்டம். கடைகளில் எல்லாம் முதல் நாள் பூசையின் அடையாளம் அப்படியே இருந்தது. தராசுக்குப் பொட்டு, கல்லாவுக்குப் பொட்டு, தேங்காய் துருவும் இயந்திரத்துக்குப் பொட்டோடு மாலை வேறு. ஊதுபத்தி வாசனையும் கீழ்த்தளத்து மீன் வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்தன. எனக்கு அந்தக் கலவை ரொம்பப் பிடிக்கும், யார் என்ன சொன்னாலும் சரி.

முதல் வாய் தோசை உள்ளே போவதற்குள் ஃபோன் வந்துவிட்டது. பிடோக்கிலிருந்து விஜயா அக்கா. என் பெரியம்மா மகள். “அமுதா, கேமரா செத்துப்போச்சு. பதினோரு மணிக்குச் சம்பந்தி வீட்ல பேசணும். நான் என்னடி பண்ணுவேன்?” என்றார். அவர் குரல் நடுங்கியது.

அக்கா யாருக்கும் நடுங்குகிற ஆள் இல்லை. நான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன்.

குடும்ப டாக்டர்

மடிக்கணினியை எதற்குக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனாய் என்று கேட்பீர்கள். என் பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, அது இருக்கும். என் குடும்பம் என்னை அப்படிப் பழக்கிவைத்திருக்கிறது.

நான் கணினி படித்தவள் இல்லை. தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் ஆவணங்கள் தயாரிக்கிற வேலை. எப்போதோ ஒரு பொங்கலுக்குத் தங்கராசு மாமா வீட்டுக்குப் போனபோது, அவருடைய பிரின்டரில் சிக்கியிருந்த தாளைப் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. அவ்வளவுதான் நான் செய்தது. அந்தப் பொங்கலோடு நான் குடும்ப டாக்டர் ஆகிவிட்டேன்.

அதே தங்கராசு மாமாவுக்கு ஒரு நாள் திரை தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. எதையோ சேர்த்து அழுத்தியிருக்கிறார். என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நல்ல மனசு அவருக்கு. மானிட்டரையே தலைகீழாகத் திருப்பி, இரண்டு தலையணை முட்டுக்கொடுத்து, ஒரு வாரம் அப்படியே ஓட்டியிருக்கிறார். மாமி எனக்கு ரகசியமாக ஃபோன் செய்து சொன்னபோது, எம்ஆர்டி ரயிலில் நின்றபடி நான் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி நின்றார்கள்.

என் தோழி மேகலா வேறு ரகம். “நான் பாத்துக்குறேன், நீ எதையும் தொடாதே” என்று சொன்னேன். சொன்ன சொல் தவறாதவள். நான் இங்கிருந்து அவள் கணினியைச் சரிசெய்து முடிக்கும் வரை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். அடுப்பையும் தொடவில்லை. அன்று அவர்கள் வீட்டில் எல்லாரும் கடையில் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

எல்லா நோயாளிகளுக்கும் பொதுவான ஒரு வியாதி உண்டு.

“ஏதோ வந்திருக்கு அமுதா.”

“என்ன வந்திருக்கு?”

“இங்கிலீஷ்ல வந்திருக்கு.”

“படிங்களேன்.”

“படிச்சுட்டு மூடிட்டேன்.”

இதற்கு மருந்து இல்லை. அதனால்தான் எல்லார் கணினியிலும் அந்தத் தொலைவழிச் செயலியைப் போட்டுவைத்தேன். அவர்கள் ஒரு எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். நான் அதைத் தட்டினால் அவர்கள் திரை என் திரைக்கு வந்துவிடும். அவர்கள் வீட்டு மவுஸை என் வீட்டிலிருந்தே நகர்த்தலாம். அவர்கள் கணினிக்குள் இருக்கிற எல்லாம் எனக்குத் தெரியும். நான் அப்படித்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ நெசமாவே அமுதாதானா?

விஜயா அக்காவிடம் மட்டும் அந்த எண்ணை வாங்குவது லேசில் நடக்காது.

நம் ஊரில் மோசடிக்காரர்களைப் பற்றி எங்கே பார்த்தாலும் அறிவிப்பு. மின்தூக்கியில், பேருந்து நிறுத்தத்தில், வங்கி வாசலில். அக்கா எல்லாவற்றையும் நின்று படிப்பார். சமூக மன்றத்தில் நடந்த கூட்டத்துக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார். அதிலிருந்து என் குரல் போதாது என்று ஆகிவிட்டது. குரலைக்கூட இப்போதெல்லாம் கணினியில் செய்கிறார்களாம்.

ஆகையால், ஒவ்வொரு முறையும் ஒரு ரகசியக் கேள்வி. அன்றைக்கும், அந்த அவசரத்திலும், கேட்டார்.

“நீ நெசமாவே அமுதாதானா? நம்ம பழைய வீட்ல ஒரு பூனை இருந்துச்சே, அது பேரு என்ன?”

“அக்கா! மணி பத்தே முக்கால் ஆகுது!”

“பேரச் சொல்லு.”

“அதுக்குப் பேரே கிடையாதுக்கா! போ போன்னுதான் கூப்பிடுவோம்!”

“சரி, நீதான்” என்றார் நிம்மதியாக. பிறகு எண்ணைப் படித்தார். பக்கத்து மேசை முழுவதற்கும் எங்கள் பூனையைப் பற்றித் தெரிந்துவிட்டது.

(நான் எழுதுகிற இந்தத் தொடரை அக்கா வாராவாரம் படிக்கிறார். இந்தக் கதையை எழுத அனுமதியும் கொடுத்தார். தன்னை ஒல்லியாகக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. வாசகர்கள் தயவுசெய்து அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.)

கூரை விசிறியைப் பார்த்த பெண்

பதினோரு மணிக்குள் அக்காவின் முகம் திரையில் வந்தே ஆக வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. கொஞ்சம் பின்னால் போகிறேன்.

அக்காவுக்கு ஒரே மகன் பிரவீன். பெர்த்தில் வேலை. அங்கே அனிட்டா என்ற பெண்ணை விரும்பினான். தமிழ்ப் பெண்தான், நம் சிங்கப்பூரிலிருந்து அங்கே குடிபோன குடும்பம்தான். ஆனால் கத்தோலிக்கர்கள். அக்காவின் நெற்றியில் காலையில் வைத்த குங்குமம் ராத்திரி வரைக்கும் கலையாது. தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிற பெண்களின் நெற்றியைத்தான் முதலில் பார்ப்பார். “பொட்டில்லாத நெத்தியோட இந்த வீட்டுக்கு ஒரு மருமகளா?” என்றார். அன்றிலிருந்து கேட்பவர்கள் எல்லாருக்கும் இதே பதில்.

ஒரு நாள் பிரவீன் வீடியோவில் கூப்பிட்டு, “அம்மா, அனிட்டா பக்கத்துல இருக்கா, ஒரு ஹலோ சொல்லுங்களேன்” என்றிருக்கிறான். அக்கா ஃபோனை அப்படியே அரிசி வாளியின் மூடிமேல் மல்லாக்க வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். அந்தப் பெண் பாவம், அடுத்து எத்தனையோ நேரம் பிடோக் வீட்டுக் கூரை விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். செய்தது தப்பு என்று அக்காவிடம் நேராகவே சொன்னேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கணினி கெட்ட பிறகுதான் பேசினார்.

கடைசியில் அக்கா இறங்கிவந்தது அத்தானால். அத்தான் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். வாழ்நாளில் அதிகம் பேசாத மனிதர். ஒரு ராகு காலம் முடிந்த நேரமாகப் பார்த்து, “நான் அந்தப் பிள்ளையோட அப்பா அம்மாகிட்ட பேசப்போறேன். நீயும் வர்றதுன்னா வா” என்றார். அக்கா ஒரு நாள் பூரா அழுதார். மறுநாள், “விஜயதசமியில பேசுவோம், ஆரம்பிக்கிறது நல்லா இருக்கும்” என்றார்.

பிரவீன் சந்தோஷத்தில் ஒரு புதிய மடிக்கணினியே வாங்கி அனுப்பிவிட்டான். வியாழக்கிழமை நானே தொலைவிலிருந்து எல்லாவற்றையும் சோதித்தேன். அக்கா முகம் பளிச்சென்று வந்தது. மூக்குத்திகூட மின்னியது. ஆகவே சனிக்கிழமைக் காலையில் அதே கேமரா இருண்டு கிடந்தபோது எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

இரண்டு ஓட்டுநர், ஒரு பேருந்து

“அக்கா, வியாழக்கிழமைக்கு அப்புறம் யாராச்சும் அதைத் தொட்டீங்களா?”

“யாரு தொடுவா? சாமிகிட்ட பத்திரமா வெச்சிருந்தோம். காலையில பூசை முடிஞ்சுதான் எடுத்தேன்.”

சரி, உள்ளேதான் கோளாறு என்று முடிவுகட்டினேன். கேமராவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கேமராவின் மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். போட்டால், மறுபடியும் அதே இருட்டு. உற்றுப் பார்த்தால் கறுப்புகூட இல்லை, அரக்கு மாதிரி ஒரு நிறம்.

நடுவில் மவுஸ் தன்பாட்டுக்கு எங்கெங்கோ ஓடியது. நான் இடதுபக்கம் இழுத்தால் அது வலதுபக்கம் போனது.

“யாரு மவுஸப் பிடிச்சிருக்கா?”

“உங்க அத்தான்தான்.”

“அத்தான், கையை எடுங்க!”

“தானா ஓடுதும்மா அது. யாருமே பிடிக்காம எப்படி விடுறது?” என்றார் அத்தான். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவரிடம், ஆளில்லாமல் நகர்கிற ஒன்றைப் பேசாமல் பார்த்துக்கொண்டிரு என்று சொன்னால் முடியுமா? அக்கா அவர் கையில் ஒரு அடி போட்ட சத்தம் தேக்கா வரைக்கும் கேட்டது.

கணினியை அணைத்துப் போட்டேன். திரும்ப எண் வாங்க வேண்டும். திரும்பவும் ரகசியக் கேள்வி. நான் கத்திய கத்தலில் தோசைக் கடைச் செல்வம் அண்ணன் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். மக்சிக் தன் தட்டோடு நகர்ந்து நகர்ந்து என் பக்கத்து நாற்காலிக்கே வந்துவிட்டார். தமிழ் ஒரு வார்த்தையும் புரியாது. ஆனால் விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது. “ஓகே ஆ? ஓகே ஆ?” என்று ஒவ்வொரு நிமிடமும் கேட்டார்.

“அக்கா, பேசாம உங்க ஃபோன்லயே பேசிருங்களேன்.”

“ஃபோனை வெச்சுட்டா உன்கிட்ட யாரு பேசுறது? அதுவுமில்லாம சம்பந்தி வீட்டைக் கை அகலத்துலயாடி பாக்குறது? அத்தான் தலை வந்தா என் தலை வராது.”

அத்தானிடம் இருப்பது பொத்தான் ஃபோன். அதை மாற்றச் சொல்லி நான் கெஞ்சாத நாளில்லை.

மணி பதினொன்று. பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம். மணி அடித்த மாதிரி அவர்கள் வந்துவிட்டார்கள்.

அவங்களுக்கு நம்மளப் பாக்க இஷ்டமில்லையா?

அக்காவின் திரையில் அவர்கள் வந்தது என் திரையிலும் வந்தது. ஒரு நீள சோபா. நடுவே அனிட்டா, நீலச் சேலையில், முதுகு விறைக்க உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் அவள் அப்பா. மறுபக்கம் அவள் அம்மா ஸ்டெல்லா. பின்னால் சுவரில் ஒரு சிலுவை. சோபாவின் கைப்பிடியில் பிரவீன், வியர்த்துப்போய். அவர்கள் முகத்துக்குக் கீழே, மூலையில், அக்கா தெரிய வேண்டிய கட்டத்தில் இருட்டு.

“வணக்கம்” என்றார் ஸ்டெல்லா. “உங்க முகம் தெரியலையே.”

“வணக்கம்ங்க, கேமரா கொஞ்சம் மக்கர் பண்ணுது. இப்ப வந்துரும்” என்றார் அக்கா.

“ஓ” என்றார் ஸ்டெல்லா. “அப்படியா” என்றும் சொன்னார். எனக்கு அந்த ‘அப்படியா’ பிடிக்கவில்லை.

அனிட்டா அந்த இருட்டுக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூரை விசிறியை நினைத்திருப்பாள், வேறென்ன நினைப்பாள்? அவள் தன் அம்மாவின் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். மைக்ரோஃபோன் எடுத்துக்கொடுத்துவிட்டது. “They don’t want to see us, ma.”

என் கைப்பேசி அதிர்ந்தது. பிரவீனிடமிருந்து செய்தி. ‘சித்தி, உண்மையச் சொல்லுங்க. அம்மா வேணும்னே ஆஃப் பண்ணிட்டாங்களா?’

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் வீம்பு பிடித்தவர் இன்று பட்டுப்புடவை கட்டி, விளக்கேற்றிவைத்து, நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அது ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் எழுந்து போய்விட்டால் அக்கா மறுபடி இறங்கிவர மாட்டார். எனக்கு அவரைத் தெரியும். பிரவீனும் இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான்.

வாய் உலர்ந்துபோனது. செல்வம் அண்ணனைப் பார்த்து, “ஒரு தே ஓ” என்று சைகை காட்டினேன்.

தேத்தண்ணீரையும் பணம் கட்டுகிற கியூஆர் அட்டையையும் அவரே மேசைக்குக் கொண்டுவந்தார். என் இன்னொரு ஃபோனை, அலுவலக ஃபோனை, அட்டைக்கு நேரே நீட்டினேன். எடுக்கவில்லை. தள்ளிப் பிடித்தேன். எடுக்கவில்லை. கிட்டே பிடித்தேன். ஃபோன் முழித்தது. அன்றைக்கு உலகத்தில் இருக்கிற கேமரா எல்லாம் எனக்கு எதிராகச் சதி செய்கிறது என்றே நினைத்தேன்.

“ஐயோ, சாரி லா” என்றார் செல்வம் அண்ணன். “நேத்து பூசையில என் பொண்டாட்டி இதுக்கும் வெச்சுட்டா. நட்ட நடுவுல.” கட்டை விரலால் அட்டையைத் துடைத்தார். ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் அவர் விரலோடு வந்தன.

நான் அந்த விரலைப் பார்த்தேன். மடிக்கணினியைப் பார்த்தேன். என் மடிக்கணினியின் மேல்விளிம்பில், நட்ட நடுவில், கடுகு அளவுக்கு இருந்த கேமராவைப் பார்த்தேன்.

நெற்றி என்றால் அதுதானே நெற்றி

“அக்கா!” என்று நான் போட்ட கூச்சலில் மக்சிக்கின் முட்கரண்டி கீழே விழுந்தது. “நேத்து மடிக்கணினிக்குப் பொட்டு வெச்சீங்களா?”

“வைக்காம? சரஸ்வதி பூசையாச்சே.”

“எங்க வெச்சீங்க?”

“எங்க வைப்பாங்க? நெத்தியிலதான். மேல, நடுவுல.”

நியாயம்தானே! மடிக்கணினியைத் திறந்து எதிரே வையுங்கள். அதற்கு நெற்றி என்று ஒன்று இருந்தால் அது எங்கே இருக்கும்? நாற்பது வருடமாகப் பொட்டு வைத்த கை, அளந்துவைத்த மாதிரி கேமராவின் மேலேயே வைத்திருக்கிறது. நான் அனுமதியைப் பார்த்தேன், மென்பொருளை மாற்றினேன், அந்தக் கணினியின் குடலை எல்லாம் வெளியே எடுத்தேன். அதன் முகத்தை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

“அதைத் துடைங்கக்கா! அதுதான் கேமராவ மறைக்குது!”

மூலைக் கட்டத்தில் இருட்டு அப்படியே நின்றது.

“அக்கா?”

“குங்குமத்தை அழிக்கச் சொல்றியா?” என்றார் அக்கா. “நல்ல நாளும் அதுவுமா, புள்ளைக்குக் கல்யாணம் பேசுற நேரத்துல, சாமிக்கு வெச்ச குங்குமத்தை என் கையால அழிக்கிறதா? மாட்டேன்டி. எனக்கு மனசு வராது.”

“உங்க முகம் தெரியலைன்னா அந்தப் பொண்ணு எந்திரிச்சுப் போயிரும்கா!”

“அதுக்கு?”

“அதுக்கா? இந்தத் தடவை வாளி மேல ஃபோனை வைக்கலைன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?”

சொன்ன பிறகுதான் என் திரையைப் பார்த்தேன். சோபாவில் நான்கு பேரும் அசையாமல் எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவின் ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. மடிக்கணினியின் மைக்ரோஃபோன் திறந்து இருந்தது. பதினோரு மணிக்குப் பிறகு, பொட்டிலிருந்து வாளி வரைக்கும் என் வாயிலிருந்து வந்தது முழுக்கப் பெர்த்துக்குப் போயிருக்கிறது. பூனை தப்பித்தது, அது பத்தே முக்காலுக்கு.

முதலில் ஸ்டெல்லாவின் தோள் குலுங்கியது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்தவும் முடியவில்லை.

“லேப்டாப்புக்குப் பொட்டா!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் என்னமோ நெனச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க. எங்க வீட்டுக் கதையக் கேளுங்க. புதுசா லேப்டாப் வாங்கினோம். இந்த மனுஷன் ஃபாதரைக் கூட்டிட்டு வந்து மந்திரிக்கச் சொன்னாரு. ஃபாதர் தாராள மனசுக்காரர். தீர்த்தத்தை அள்ளித் தெளிச்சாரு. கீபோர்டு அன்னிக்கே போச்சு!”

“பாதி எழுத்துதான் போச்சு” என்றார் அனிட்டாவின் அப்பா, தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள.

பிடோக்கில் ஒரு சிரிப்புச் சத்தம். அத்தான். அத்தான் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. அதன்மேல் இன்னொரு சத்தம், மூச்சு வாங்க வாங்க. அது அக்கா.

“அழிக்க வேணாம்ங்க” என்றார் ஸ்டெல்லா, இப்போது மெதுவாக. “எடுத்து நீங்க வெச்சுக்குங்க. சாமிக்கு வெச்சதுதானே.”

இது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.

விரல்

தண்ணீரில் விரலை நனைக்கிற சத்தம். என் திரையின் மூலைக் கட்டத்தில் இருட்டு அசைந்தது. சிவந்தது. பிளந்தது. அந்தப் பிளவில் ஒரு பெரிய மோதிர விரல், பிறகு மூக்குத்தி, பிறகு எங்கள் விஜயா அக்கா, சந்தனம் தேய்ந்த கண்ணாடிக்குப் பின்னால் பனி மூட்டத்தில் நிற்கிறவர் மாதிரி மங்கலாக. பத்து வயசு குறைந்து தெரிந்தார். (ஒல்லியாகவும் தெரிந்தார்.) அந்த விரலைத் தன் நெற்றிக்குக் கொண்டுபோய், ஏற்கெனவே இருந்த பொட்டின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டார்.

அத்தான் மூக்குக்கண்ணாடித் துணியால் கேமராவைத் துடைத்தார். முகம் பளிச்சென்று வந்தது.

“வந்துருச்சு!” என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். மக்சிக் கை தட்டினார். செல்வம் அண்ணன் தட்டினார். எதற்கென்று தெரியாத இரண்டு மேசைக்காரர்களும் தட்டினார்கள்.

அக்கா அனிட்டாவைப் பார்த்தார். முதன்முதலாக நேருக்கு நேர். அனிட்டாவும் பார்த்தாள். அந்தப் பெண் கெட்டிக்காரி. தலையைச் சாய்த்துக்கொண்டு, “ஆன்ட்டி, எல்லாத்தையும் நீங்களே வெச்சுக்கிட்டீங்களே லா. எனக்கு இல்லையா?” என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு நெற்றியைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

அக்காவின் கை நீண்டது. கேமராவைத் தாண்டி வந்தது. என் திரையில், அனிட்டாவின் நெற்றி பெரிதாக, வெறுமையாக, அப்படியே இருந்தது. பொட்டு ஒன்றும் இல்லை. ஆனால் அக்கா அழுதுகொண்டிருந்தார். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னக்கா ஆச்சு? என்ன பண்ணுனீங்க?” என்று கத்தினேன்.

அனிட்டா நிமிர்ந்து பின்னால் சாய்ந்தாள். அவள் அப்பா முன்னால் குனிந்தார். உடனே அத்தான், “ஐயய்யோ, பொட்டு இப்ப சம்பந்தி மூக்குல நிக்குது!” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா திரைக் கண்ணாடியின்மேல் வைத்திருக்கிறார். தொலைவழிச் செயலிக்கு அது தெரியாது. அது எனக்குக் காட்டியது கண்ணாடிக்கு உள்ளே இருப்பதை மட்டும்தான்.

நான் தேக்காவில் நடு மேசையில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதேன், சிரித்தேன். “ஓகே ஆ?” என்று மக்சிக் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். “ஓகே மக்சிக், ரொம்ப ஓகே” என்றேன். தோசை காய்ந்து போயிருந்தது. அதையும் விடாமல் தின்றேன்.

சரிசெய்யாத ஒன்று

கல்யாணம் இரண்டு விதமாகவும் நடந்தது. தேவாலயத்தில் ஒரு முறை, மண்டபத்தில் ஒரு முறை. மண்டபத்தில் அனிட்டா பொட்டு வைத்துக்கொண்டாள், தேவாலயத்தில் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளும் அக்கா அவளைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். நெற்றியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழவே இல்லை.

சரஸ்வதி பூசைக்கு இப்போது மடிக்கணினிக்கு மூடியின் பின்பக்கம் பொட்டு. அது நான் போட்ட சட்டம்.

போன மாதம் அக்கா கூப்பிட்டார். கணினி மெதுவாகப் போகிறதாம். அந்த வாரம் எனக்கு விடுமுறை. தொலைவழியாக வேண்டாம், நேரிலேயே வருகிறேன் என்று பிடோக்குக்குப் போனேன். மடிக்கணினியைத் திறந்தேன். திரையின் நடுவே, கொஞ்சம் மேலே, காய்ந்து கறுத்துப்போன ஒரு சிவப்புப் பொட்டு. எத்தனை முறை உள்ளே வந்துபோயிருக்கிறேன், எனக்குத் தெரிந்ததே இல்லை.

ஈரத்துணியை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எழுத்தை மறைக்குதேக்கா.”

“மறைச்சா மறைக்கட்டும். அதைத் தொடாதடி” என்றார். “அது என் மருமக நெத்தி.”